ஒன்றுவிட்டொரு வியாழன்

சச்சிதானந்தன் அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாதி அவர்மேல், பாதி என்மேல்.

அறுபத்து மூன்று வயது. உயரமான, ஒல்லியான மனிதர். சிட்னியின் மேற்கே பென்டில் ஹில்லில் ரயில் பாதையை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார். ரொட்டித் தொழிற்சாலையில் தட்டு கழுவும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை, இருபத்திரண்டு வருடமாக. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் சீப்பு இருக்கும். என் மேசைக்கு எதிரே உட்காரும் முன் ஒவ்வொரு முறையும் "இருக்கட்டோ தங்கச்சி?" என்று கேட்பார். காலியாகக் கிடக்கிற நாற்காலிக்கு அனுமதி எதற்கு என்று நான் எரிந்து விழுவேன். அடுத்த முறையும் கேட்பார்.

நான் ராதா. சொந்த ஊர் கும்பகோணம். பென்டில் ஹில் கடைத்தெருவில் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் வரிக் கணக்கு பார்க்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் அரசாங்கப் படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு இலவசமாக நிரப்பிக் கொடுப்பேன். காசு வாங்குவதில்லையே தவிர திட்டு தாராளமாகக் கிடைக்கும். "அவவின்ர வாய்க்குப் பயந்து நான் அங்க போறேல்லை" என்று கீழே கடையில் ஒரு அன்ரி சொன்னது என் காதுக்கே வந்திருக்கிறது. அவர் சொன்னதில் தப்பில்லை.

அண்ணனுக்கு ஒரே பிள்ளை, சுஜீதன். அம்மா அவனுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது புற்றுநோயில் போய்விட்டார். பையன் மின்சார வேலை படித்துக்கொண்டிருந்தான். இருபத்தோராம் வயதில் அவனுக்கு மட்டும் குரல்கள் கேட்கத் தொடங்கின. சுவரிலிருந்து, ரயிலிலிருந்து, பூட்டிய மீட்டர் பெட்டியிலிருந்து. மருத்துவர்கள் மனச்சிதைவு என்றார்கள். இரண்டு முறை மருத்துவமனையில் இருந்தான். வேலைக்குப் போக முடியாது என்று ஆனபிறகு, உடலாலும் மனதாலும் முடியாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். இங்கே எல்லாரும் அதைப் பென்ஷன் என்றுதான் சொல்வார்கள். கட்டுக் கட்டான அந்தப் படிவத்தை நிரப்பியவள் நான்.

அந்தக் காசை யாரும் கையில் கொடுப்பதில்லை. பதினான்கு நாளுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் தானாக வந்து விழும். ஆளுக்கு ஒரு கிழமை. சுஜீதனுக்கு விழுந்தது வியாழன். விடியுமுன்னே ஆயிரத்து நூறு டாலர் சொச்சம் கணக்கில் ஏறியிருக்கும்.

வியாழன் அவனுக்கு வெறும் கிழமை இல்லை. அன்று குளிப்பான், தலை வாருவான், அப்பாவின் சீப்பைக் கேட்டு வாங்குவான். ரயிலேறிப் பரமட்டா போய் ஏ.டி.எம்.மில் ஆயிரம் டாலரை ஒரே தடவையில் எடுப்பான். போனில் தெரிவது காசு இல்லை, அதை யாரும் அழித்துவிடலாம் என்பது அவன் கட்சி. வீட்டுக்கு வந்து அறுநூறு டாலரை அப்பாவின் கையில் வைத்து, "ரென்ட்" என்பான். வாரம் முழுக்கப் பேசாதவன் அன்று மட்டும் இரண்டு வார்த்தை பேசுவான். அண்ணன் அந்த ஒரு நாளை நம்பி மற்ற பதின்மூன்று நாளையும் ஓட்டினார்.

ஒரு வருடம் ஆஸ்திரேலிய தினம் வியாழனில் வந்தது. விடுமுறை என்பதால் பென்ஷன் இரண்டு நாள் முன்னதாகச் செவ்வாயிலேயே வந்துவிட்டது. வீட்டில் பால்கூட இல்லை. அண்ணனுக்குச் சம்பளம் வர இன்னும் நாள் இருந்தது. "காசு வந்திட்டுது, போய் எடுத்துக்கொண்டு வா அப்பன்" என்று கெஞ்சியிருக்கிறார்.

"It's not Thursday, அப்பா."

"காசு கிடக்குதடா."

"It's not mine yet."

வியாழன்வரை அவன் அசையவில்லை. இரண்டு நாளும் வெறும் தேநீர் குடித்தான். அந்தச் சனிக்கிழமை அண்ணன் என்னிடம் வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். "என்ர பிள்ளை அரசாங்கத்தை விட நேர்மையானவன், பாருங்கோ" என்றார். நானும் சிரித்தேன்.

போன வருடம் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, சுஜீதன் தனியாக என் அலுவலகப் படியேறி வந்தான். எட்டுப் பேர் காத்திருந்தார்கள். கதவருகே நின்றான். என்னிடம் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று முகம் சொன்னது. "அடுத்த வாரம் வாப்பா, இன்னிக்குத் தலைக்கு மேல வேலை" என்றேன். "Okay, aunty" என்று சொல்லி இறங்கிப் போனான். மறுநாள் ஞாயிறு, அப்பா வேலையிலிருந்து திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. படுக்கை மடித்து வைத்திருந்தது. போன் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், சார்ஜில் கிடந்தது. வங்கி அட்டையும் காலணியும் இல்லை. அவனும் இல்லை.

அவன் என்னிடம் என்ன கேட்க வந்தான் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, கார் ஓட்டும்போது, அந்த "Okay, aunty" காதில் வந்து நிற்கிறது. குரல் கேட்பது என்றால் என்ன என்று அவன் சொன்னபோது எனக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது.

காவல் நிலையத்தில் ஒரு இளம் பெண் பொறுமையாக எல்லாம் எழுதிக்கொண்டாள். அடுத்த வியாழன் அவனுடைய பென்ஷன் நாள். விடியற்காலை, குசினியில் கிடந்த போன் தானாக ஒளிர்ந்தது. பணம் வந்திருக்கிறது என்று செய்தி. அண்ணன் வேலைக்குப் போகாமல் அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு மறுபடி ஒளிர்ந்தது. ஆயிரம் டாலர் எடுக்கப்பட்டது, பரமட்டா.

அலுவலகத்தில் வரிக் கணக்குக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருக்க, அண்ணன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். அன்று உட்கார அனுமதி கேட்கவில்லை.

"எடுத்திட்டான் தங்கச்சி! காசு எடுத்திட்டான். சாப்பிடுவான் எல்லே?"

"சாப்பிடுவான்ணா. நிச்சயம் சாப்பிடுவான்" என்றேன். எனக்கும் கண் கலங்கியது.

மூன்று வாரம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். அட்டை பயன்பாட்டில் இருக்கிறது, அவர் வயது வந்தவர், வீட்டுக்கு வர விருப்பமில்லாமலும் இருக்கலாம், கோப்பை மூடவில்லை, புதிதாக ஏதாவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள் என்றார்கள். ஆகப் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அந்தப் போன் ஒன்றே சாட்சி என்று ஆனது. அண்ணன் அந்தப் போனுக்கு மாதாமாதம் பில் கட்டினார். சார்ஜ் இறங்க விடமாட்டார். மனைவியின் படம் மாலையோடு தொங்கும் கூடத்துப் பக்கம் அதைக் கொண்டுபோகவே மாட்டார். குசினியில் அடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு துணி விரித்து அதன்மேல் வைத்திருந்தார்.

ஒன்றுவிட்டொரு வியாழன் அவர் வேலைக்குப் போவதில்லை. முதலில் பரமட்டாவில் போய்க் காத்திருந்தார். அன்று பார்த்து லிவர்பூலில் எடுக்கப்பட்டது. லிவர்பூல் போனார், கிரான்வில்லில் எடுக்கப்பட்டது. பிறகு பிளாக்டவுன். ரயிலில் மாறி மாறி ஓடி, மேடையில் தடுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். பரமட்டா பாலத்தடியில் கிடப்பவர்கள் ஒவ்வொருவரின் போர்வையையும் விலக்கிப் பார்த்து ஒருவனிடம் அடியும் வாங்கினார்.

ஆகஸ்டிலிருந்து எடுக்கப்பட்டது எல்லாம் ஒரே இடத்தில், மவுண்ட் ட்ரூயிட்டில், அதே இயந்திரத்தில். காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள். ஒருநாள் போய் நின்றால் போதும், ஆளைப் பார்த்துவிடலாம். அதன்பிறகு அண்ணன் போவதையே நிறுத்திவிட்டார். முழங்கால் நோகிறது என்றார், வேலையில் ஆள் குறைவு என்றார், அவனாக வரும்போது வரட்டும் என்றார். பிடிக்க முடியாத நாளெல்லாம் ஓடிய மனிதர், பிடிக்க முடியும் என்று ஆனதும் ஏன் நின்றார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். உறையைப் பிரிக்கவில்லை. சுஜீதன் பெயருக்கு வந்தது, அடுத்தவன் கடிதத்தைப் பிரிப்பது பிழை என்றார். நான் கிழித்துப் படித்தேன். பென்ஷனை மறுபரிசீலனை செய்கிறார்கள், பயனாளி இன்ன தேதிக்குள் தொடர்புகொள்ள வேண்டும், இல்லையென்றால் கொடுப்பனவு நிறுத்தப்படும் என்று எழுதியிருந்தது.

"இது ரொம்ப லேசுண்ணா. ஆள் ஜூன்லேருந்து காணோம்னு எழுதித் தந்துடலாம். போலீஸ் நம்பர் இருக்கு. நான் எழுதறேன், நீங்க கையெழுத்துப் போடுங்க."

"எழுதேலாது."

"ஏன்?"

"காணேல்லை எண்டு என்ர கையால எழுதித் தரமாட்டன் தங்கச்சி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு படிவம், ஒரு கையெழுத்து, அதற்கு இத்தனை பிகுவா என்று கத்திவிட்டேன். அவர் சீப்பை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் வைத்தார். பிறகு எனக்குத் தெரியாத ஒரு கதையைச் சொன்னார்.

அவருக்கு அருந்தவன் என்று ஒரு தம்பி. இலங்கையில் யுத்தம் முடிந்த அந்த மே மாதம், சரணடைந்தவர்களோடு பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னது. அவர்களுடைய அம்மா வாங்க மறுத்தார். அந்த ஊர்ச் சனங்கள் முக்கால்வாசிப் பேர் மறுத்தார்கள். பிணத்தைக் காட்டு, பிறகு கடதாசியைத் தா என்றார்கள். அம்மா தெருவோரம் படத்தோடு உட்கார்ந்திருந்தே கண்ணை மூடினார். அதற்குப் பிறகு காணி விற்க வேண்டி வந்தது. தம்பி பெயரும் காணிப் பத்திரத்தில் இருந்ததால் சான்றிதழ் இல்லாமல் விற்க முடியாது என்றார்கள். இங்கே வீட்டு வாடகை, பிள்ளையின் படிப்பு. இவர் சிட்னியிலிருந்து விமானமேறிப் போய், பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்.

"கந்தோரில அந்தப் பெடியன் கேட்டவன், எந்தத் திகதி போடட்டும் எண்டு. செத்த திகதி. நான் யோசிச்சு ஒண்டைச் சொன்னனான். என்ர தம்பிக்குத் திகதி வைச்சது நான்தான் தங்கச்சி. அதுவரைக்கும் அவன் எங்கயோ இருந்தவன்."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"அதே வருசம் கார்த்திகையிலதான் சுஜீதனுக்கு முதல்முதல் குரல் கேட்டது. யாற்ற குரல் எண்டு டாக்டர் கேட்டவர். ஒரு மாமா கூப்பிடுறார் எண்டு சொன்னவன்."

நோய்க்கும் கையெழுத்துக்கும் முடிச்சுப் போடுகிறீர்களே என்று சொல்ல வாய் வரை வந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். கடிதத்தை மடித்து அவரிடமே கொடுத்தேன். அவர் பதில் போடவில்லை. நானும் போட வைக்கவில்லை. அக்டோபரில் பென்ஷன் நின்றது.

நின்ற அந்த வியாழன் விடியற்காலை போன் ஒளிரவில்லையாம். எட்டேகாலுக்கு ஒளிர்ந்ததாம். கணக்கில் போதிய பணம் இல்லை என்று ஒரு செய்தி. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அதே செய்தி. எட்டரைக்கு இன்னொரு முறை.

"மூண்டு தரம் கேட்டிருக்கிறான்" என்றார். "மூண்டு தரமும் மெஷின் இல்லை எண்டிருக்கு. குளிருக்குள்ள நிண்டு மூண்டு தரம் கேட்டிருக்கிறான் தங்கச்சி."

அக்டோபரில் ஏது குளிர் என்று நான் கேட்கவில்லை. தன் போனை என் மேசையில் வைத்தார். தன்னுடைய சம்பளக் கணக்கிலிருந்து, ஒன்றுவிட்டொரு வியாழன் விடியற்காலையில், பென்ஷன் எவ்வளவு வந்ததோ அதே தொகை, காசு சதம் மாறாமல், சுஜீதன் கணக்கில் தானாகப் போய் விழ வேண்டும். அதைச் செய்து தரச் சொன்னார். அனுப்புகிறவர் பெயர் தெரியக் கூடாது, தெரிந்தால் எடுக்க மாட்டான் என்றார். பெயர் தெரியத்தான் செய்யும் என்றேன். தெரிந்தாலும் பரவாயில்லை, போடுங்கோ என்றார்.

அவர் சம்பளத்தில் பாதிக்கு மேல் அது. திட்டினேன். பிள்ளையைத் தேடாமல் காசை அனுப்பினால் ஆயிற்றா என்று கேட்டேன். திட்டிக்கொண்டே என் விரலால் அத்தனையையும் பதிந்து கொடுத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது அங்கேதான். எனக்கு அவர்மேல் இரக்கம் இருந்தது. அதைவிடப் பெரிதாக அந்தச் சனிக்கிழமையின் குற்ற உணர்வு இருந்தது. பையனுக்கு நான் கொடுக்காத ஐந்து நிமிடத்தை அப்பாவுக்குக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பேன் போல.

அதன்பிறகு வியாழன் தவறாமல் மவுண்ட் ட்ரூயிட்டில் ஆயிரம் டாலர் எடுக்கப்பட்டது. அண்ணன் காரை விற்றார். ஓய்வு நாளிலும் வேலைக்குப் போனார். மகனின் அறையை வாடகைக்கு விடலாமே என்று யாரோ சொன்னதற்கு அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் அர்ச்சனைக்குச் சுஜீதன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லும்போது குரல் மட்டும் கணீரென்று வரும். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கோயில் மடப்பள்ளிச் சாப்பாட்டை இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு போவார், ஒன்று யாருக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டிசம்பர் நடுவில் வந்தார். கிறிஸ்துமஸ் இந்தமுறை வியாழனில் வருகிறது, அரசாங்கமாக இருந்தால் முன்னதாகவே போட்டிருக்கும், ஆகவே இந்த ஒருமுறை செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றிக் கொடுத்தேன். வேலை மும்முரத்தில் வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு என் போன் அடித்தது. பின்னால் தொழிற்சாலை இயந்திரத்தின் இரைச்சல். அன்று மகனின் போனை வேலைக்கே எடுத்துப் போயிருக்கிறார்.

"எடுத்திட்டான் தங்கச்சி. ஏழு நாற்பதுக்கே எடுத்திட்டான். நத்தாருக்குச் சாப்பிடுவான்."

வெறும் தேநீர் குடித்தபடி வியாழனுக்காக உட்கார்ந்திருந்த பையன் கண்முன் வந்தான். பண்டிகைக்குப் பென்ஷன் எந்த நாளில் முன்னால் வரும் என்பது தெருவில் வாழ்கிறவர்களுக்குப் பஞ்சாங்கம் மாதிரி மனப்பாடம். சுஜீதனுக்கு அது பொருட்டே இல்லை.

என் வாய் சும்மா இருக்குமா? "அண்ணா, சுஜீதன் செவ்வாய்க்கிழமை எடுப்பானா?" என்று கேட்டுவிட்டேன்.

இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் வந்தது.

"பசிச்சால் செவ்வாய் வியாழன் எண்டு இருக்கோ?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. அட்டையை வைத்திருப்பவன் வேறு ஒருவன் என்றால், அவனைப் பிடித்தால் சுஜீதன் எங்கே என்று தெரியும். எப்போதிருந்து அவனிடம் இருக்கிறது, எப்படி வந்தது, ரகசிய எண்ணை யார் சொன்னது, எல்லாம் தெரியும். இவர் காசு அனுப்பிக்கொண்டே இருந்தால் ஒன்றும் தெரியாது. செவ்வாய்க்கு மாற்றச் சொன்னது பரீட்சையா, பழக்கமா? பரீட்சை என்றால் விடை வந்துவிட்டதே, பிறகும் ஏன் "எடுத்திட்டான்" என்றார்?

சனிக்கிழமை அண்ணன் வந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "காசு விழற அடுத்த வியாழன் ஜனவரி எட்டு. நான் லீவு போடறேன். என் கார்ல போறோம். அந்த மெஷினுக்கு எதிர்ல உக்காந்து பாக்கறோம். யாருன்னு தெரிஞ்சதும் போலீசுக்குப் போறோம்."

"வேண்டாம் தங்கச்சி."

"வரலைன்னா இப்பவே நான் அந்தக் கணக்கை நிறுத்திடுவேன். என் விரல்தானே போட்டுது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். கன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு மாட்டை மிரட்டுகிற ஆளைப் போல எனக்கே நான் தெரிந்தேன். ஆனாலும் விடவில்லை.

"வாறன்" என்றார்.

ஜனவரி எட்டு. காலை ஏழரைக்கே வெயில் உறைத்தது. மவுண்ட் ட்ரூயிட் கடைகளுக்கு எதிரே, இயந்திரம் நேராகத் தெரியும் இடத்தில் காரை நிறுத்தினேன். அண்ணன் கோயிலுக்குப் போவதுபோலத் துவைத்த சட்டை போட்டிருந்தார். மடியில் ஒரு பை. அதில் இட்லிப் பாத்திரம், மகனின் சட்டை ஒன்று, தண்ணீர்ப் போத்தல். பையனின் போனைக் கைக்குட்டையில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். வழியெல்லாம் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்றால், நான் நினைத்தது தப்பாக இருக்க வேண்டும், அந்தப் பையன் மெலிந்து தாடியோடு வந்து நிற்க வேண்டும், நான் இறங்கி ஓடி அவன் காலில் விழ வேண்டும் என்பதுதான்.

எட்டு இருபதுக்கு ஒரு பெண் குழந்தை வண்டியோடு வந்து காசெடுத்தாள். போன் ஒளிரவில்லை. பிறகு பள்ளிச் சீருடை விற்கும் கடைக்காரர். ஒளிரவில்லை. எட்டு நாற்பதுக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஐம்பத்தைந்து, அறுபது வயது. மஞ்சள் பூத்த தாடி, செருப்பில்லாத வீங்கிய கால்கள், தோளில் சுருட்டிய போர்வை. முன்னும் பின்னும் பார்த்துவிட்டு இயந்திரத்துக்குள் அட்டையைச் செருகினார். எண்களை ஒவ்வொன்றாக, உதட்டால் சொல்லிச் சொல்லி அழுத்தினார். நோட்டுகளை எடுத்து எண்ணாமல் சட்டைக்குள் திணித்துக்கொண்டார்.

அண்ணனின் கையில் கைக்குட்டைக்குள் வெளிச்சம் வந்தது.

நான் கதவைத் திறந்தேன். ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன். "அண்ணா, அதோ. சீக்கிரம் இறங்குங்க, போயிடப் போறான்."

அவர் இறங்கவில்லை. கண்ணாடி வழியாக அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் எங்கள் காருக்குப் பத்தடி தூரத்தில் கடந்து போனார். நீலக் கண்கள். காலை இழுத்து இழுத்து நடந்து ரயில் நிலையப் படிகளில் ஏறினார். அவர் முதுகு மறையும்வரை அண்ணனின் தலை கூடவே திரும்பியது. கன்னத்தில் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

"என்ர பிள்ளைதான் தங்கச்சி" என்றார்.

என் ஒரு கால் இன்னும் காருக்கு வெளியேதான் இருந்தது.

"கதவைச் சாத்துங்கோ. கண்டால் வெக்கப்படுவான். எடுங்கோ காரை."

கத்தியிருக்க வேண்டும். அந்த மனிதரின் பின்னால் ஓடியிருக்க வேண்டும். போலீஸ் எண் என் போனில் இருந்தது, ஒரு விரல் அழுத்தினால் போதும். அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். ஒரு திகதி கேட்டுவிடாதே என்று அந்த முகம் என்னைக் கும்பிட்டது. கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

இரண்டு சிக்னல் தாண்டினோம். மூன்றாவதில் சிவப்பு விழுந்தது. அவர் மடியில் இருந்த பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

"நல்லா மெலிஞ்சு போனான், என்ன?"

பச்சை விழுந்து பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டான்.

"ஆமாண்ணா" என்றேன். "ரொம்ப மெலிஞ்சுட்டான்."